சுடோகுவில் நட்சத்திரம் எதைச் சொல்கிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேப்பரில் வரும் சுடோகுவைத் தினமும் போடுகிறவன் என்று தெரிந்ததும், பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நட்சத்திரம் என்பது, புதிர் எவ்வளவு கடினம் என்று காட்ட அதனோடு போடும் குறி; எண்ணிக்கை கூடினால் கடினமும் கூடும். முதலில் சொற்கள். குறுக்கே ஓடுவது வரிசை, மேலிருந்து கீழே இறங்குவது நிரல், தடித்த கோட்டுக்குள் இருக்கும் 3×3 சதுரம் பெட்டி. 81 சிறு சதுரங்களில் ஒவ்வொன்றும் ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் வரக்கூடியவை என்று மூலையில் சின்னதாக எழுதி வைப்பவற்றைப் பென்சில் எண் என்று சொல்கிறேன்.

எனக்குக் கணக்கே வராது. சுடோகு வருமா?

வரும். இதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. மாயச் சதுரத்தோடு குழப்பிக்கொண்டு "எந்தப் பக்கம் கூட்டினாலும் 45 வரணுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. 1 முதல் 9 வரை கூட்டினால் 45 வரும்தான். ஆனால் அதனால் புதிருக்கு ஒரு பயனும் இல்லை. எண்களுக்குப் பதிலாக ௧, ௨, ௩ என்று தமிழ் எண்களைப் போடுங்கள், நவதானியத்தை ஒவ்வொன்றாக வையுங்கள், ஆட்டம் மாறாது. ஒன்பது வெவ்வேறு அடையாளம் இருந்தால் போதும்.

காலிக் கட்டங்களை 1 முதல் 9 வரையுள்ள எண்களால் நிரப்ப வேண்டும். விதி ஒன்றுதான். ஒரே எண் ஒரே வரிசையிலோ நிரலிலோ பெட்டியிலோ இரண்டு முறை வரக்கூடாது. சிவன் கோயில் நவக்கிரக மேடையில் ஒன்பது பேர் 3×3 ஆக நிற்கிறார்கள், யாரும் யாரையும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை. சுடோகுவிலும் ஒரே எண்ணுள்ள இரண்டு கட்டங்கள் ஒன்றையொன்று பார்த்துவிடக்கூடாது. ஒவ்வொரு கட்டமும் மற்ற 20 கட்டங்களைப் பார்க்கிறது. வரிசையில் 8, நிரலில் 8, பெட்டியில் மிச்சமுள்ள 4. இந்த "பார்ப்பது" என்ற சொல் கீழே அடிக்கடி வரும்.

இது ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்ததுதானே?

பெயர் மட்டும் ஜப்பானுடையது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ் உருவாக்கி, 1979 மே மாதம் டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் "நம்பர் பிளேஸ்" என்ற பெயரில் வந்தது. புதிரோடு அவர் பெயரைப் போடவில்லை. பின்னாளில் அமெரிக்கப் புதிர் ஆசிரியர் வில் ஷார்ட்ஸ் பழைய இதழ்களைப் புரட்டி, இந்தப் புதிர் வந்த இதழ்களின் பங்களிப்பாளர் பட்டியலில் மட்டும் கார்ன்ஸ் பெயர் இருப்பதை வைத்துக் கண்டுபிடித்தார். அதுவே ஒரு சுடோகு மாதிரிதான்!

1984-இல் ஜப்பானின் நிகோலி என்ற புதிர்ப் பதிப்பகம் அதைத் தன் இதழில் வெளியிட்டது. "எண்கள் தனிக்கட்டையாக இருக்க வேண்டும்" என்று பொருள்படும் நீண்ட ஜப்பானியப் பெயரைச் சுருக்கியதுதான் சுடோகு. நிகோலியின் மாகி காஜி அந்தப் பெயருக்கு ஜப்பானில் மட்டும் உரிமை பெற்றிருந்தார். அதனால் அங்கே மற்ற பதிப்பகங்கள் இதை இன்றும் "நம்பர் பிளேஸ்" என்றே அச்சிடுகின்றன. அமெரிக்கப் பெயர் ஜப்பானில், ஜப்பானியப் பெயர் உலகம் முழுக்க.

உலகத்துக்குக் கொண்டுபோனவர் வெய்ன் கூல்ட். நியூசிலாந்துக்காரர், ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர். 1997-இல் டோக்கியோ புத்தகக் கடை ஒன்றில் இதைப் பார்த்து, புதிர் தயாரிக்கும் கணினி நிரலியை (புரோகிராம்) எழுத ஆறு வருடம் உட்கார்ந்தார். 2004 நவம்பர் 12 அன்று லண்டன் "டைம்ஸ்" வெளியிடத் தொடங்கியது. அடுத்த வருடமே ஊரெல்லாம் சுடோகு. கார்ன்ஸ் இதையெல்லாம் பார்க்கவில்லை, 1989-இலேயே இறந்துவிட்டார்.

கொடுத்திருக்கும் எண்கள் குறையக் குறையப் புதிர் கடினமாகும், சரிதானே?

சரியில்லை. ஆனால் இதை நம்பாதவரை நான் அதிகம் பார்த்ததில்லை. கட்டம் காலியாகத் தெரிந்தாலே மனது பயந்துவிடுகிறது.

ஒரே விடை வர வேண்டுமானால் குறைந்தது 17 எண்கள் வேண்டும். 2012 ஜனவரியில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்குவயர் குழு, 16 எண்களோடு ஒரே விடையுள்ள புதிர் கிடையாது என்று கணினியில் தேடி முடித்துச் சொன்னது. நிரப்பி முடித்த சுடோகுக் கட்டங்கள் மொத்தம் 6,670,903,752,021,072,936,960. திருப்புவது, கவிழ்ப்பது, எண்களை மாற்றிப் போடுவது போன்றவற்றைத் தள்ளினால் உண்மையிலேயே வேறுபட்டவை 5,472,730,538, அதாவது சுமார் 547 கோடி. அத்தனையையும் அலசினார்கள். அந்தக் குழுவுக்கு முன்பே ஆஸ்திரேலியாவின் கோர்டன் ராயில், 17 எண் புதிர்களை 49 ஆயிரத்துக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார்.

விஷயம் என்னவென்றால், அந்த 17 எண் புதிர்களில் கணிசமானவை எளிய உத்திகளிலேயே விழுந்துவிடும். நேரம் எடுக்கும், ஆனால் தலை சுற்றாது. உலகின் மிகக் கடினம் என்று 2012-இல் செய்தியான, ஃபின்லாந்துக் கணிதவியலாளர் ஆர்டோ இன்கலாவின் புதிரில் 21 எண்கள் இருக்கின்றன. நான்கு எண் கூடுதலாகக் கொடுத்தும் அது மலையாக நிற்கிறது. எத்தனை எண் கொடுத்தார்கள் என்பதைவிட, கொடுத்த எண்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் கணக்கு.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

பெட்டியிலிருந்து. ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், 7 என்று வைப்போம். இடது மேல் பெட்டியில் 7 இல்லை. ஆனால் பக்கத்துப் பெட்டிகளில், 1ஆம் வரிசையிலும் 2ஆம் வரிசையிலும் 7 வந்துவிட்டது. அப்படியானால் நம் பெட்டியின் 7, 3ஆம் வரிசையில்தான் இருக்க முடியும். அங்கே மூன்று கட்டங்களில் இரண்டு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் மிச்சமுள்ளதில் 7. இதை ஹிடன் சிங்கிள் என்பார்கள், ஒளிந்திருக்கும் ஒற்றை. அந்தக் கட்டத்தை மட்டும் உற்றுப் பார்த்தால் அங்கே நாலைந்து எண்கள் வரலாம் என்று தோன்றும். பெட்டியின் பக்கமிருந்து பார்த்தால்தான் 7-க்கு வேறு வீடு இல்லை என்பது தெரியும்.

இதன் மறுபக்கம் நேக்கட் சிங்கிள், வெளிப்படையாக நிற்கும் ஒற்றை. ஒரு கட்டத்தின் வரிசையில் 4, 8, 3, 1 இருக்கிறது, நிரலில் 7, 9, 6, 2 இருக்கிறது. எட்டு எண்கள் போயின. 5-ஐத் தவிர வேறு எதுவும் வர முடியாது.

ஒரு நட்சத்திரப் புதிர்கள் இந்த இரண்டிலேயே முடிந்துவிடும்.

ஹிடன், நேக்கட் இரண்டில் எது எளிது?

நட்சத்திரம் ஏன் ஆளுக்கு ஆள் பொய் சொல்கிறது என்பதற்கான விடை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

நிக்கோலா ஜுயிரா எழுதிய "சுடோகு எக்ஸ்ப்ளெய்னர்" என்ற நிரலி, கடினத்தை அளப்பதில் பலரும் அளவுகோலாக வைத்துக்கொள்வது. அது ஒவ்வோர் உத்திக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்கிறது. பெட்டிக்குள் ஹிடன் சிங்கிளுக்கு 1.2. வரிசையிலோ நிரலிலோ என்றால் 1.5. நேக்கட் சிங்கிளுக்கு 2.3. ஏறக்குறைய இருமடங்கு!

பேப்பரில் பேனாவோடு உட்கார்கிறவருக்கு இது முற்றிலும் உண்மை. ஹிடன் சிங்கிள் கண்ணுக்குத் தெரியும். கோடு போட்டதுபோல 7 இங்கிருந்தும் அங்கிருந்தும் பாய்வதைப் பார்க்கலாம். நேக்கட் சிங்கிளுக்கோ 81 கட்டங்களில் எந்தக் கட்டத்தில் எண்ண வேண்டும் என்றே தெரியாது. எட்டு எண்களை மனதில் ஒன்று சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

அதே புதிரை, எல்லாப் பென்சில் எண்களையும் தானே நிரப்பித் தரும் செயலியில் திறங்கள். இப்போது நேக்கட் சிங்கிள் ஊருக்கே தெரியும். கட்டத்தில் ஒற்றை எண் தனியாக நிற்கும். ஹிடன் சிங்கிள்தான் மற்ற எண்களின் கூட்டத்துக்குள் மறைந்துவிடும். புதிர் அதேதான், கையில் இருக்கும் கருவி மாறியதும் எளிதும் கடினமும் இடம் மாறிக்கொண்டன. போனில் அஞ்சு நட்சத்திரத்தை அடித்துத் தூக்குகிற என் தம்பி, பேப்பரில் மூன்று நட்சத்திரத்தில் முழிப்பதற்கு இதுதான் காரணம். (அவனிடம் இதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான்.)

பென்சில் எண்கள் எழுதுவது தோல்வியா? பெரியவர்கள் பேனாவிலேயே போடுகிறார்களே?

தோல்வி ஒன்றுமில்லை. ஆனால் முதல் நிமிடத்திலேயே 50 கட்டத்திலும் எல்லாவற்றையும் எழுதுவது வீண்வேலை. பாதி அழியப்போகிறவை, தவறும் அங்கேதான் நுழையும்.

உலக சாம்பியனான தாமஸ் ஸ்னைடரின் பெயரால் வழங்கும் முறை ஒன்று உண்டு. ஒரு பெட்டிக்குள் ஓர் எண்ணுக்குச் சரியாக இரண்டே இடம் இருந்தால் மட்டும் அந்த இரண்டு கட்டங்களிலும் எழுதுவது. மூன்று இடம் இருந்தால் எழுதுவதில்லை. தாள் சுத்தமாக இருக்கும், ஜோடிகள் தாமாகவே கண்ணில் படும். இதில் போகிற தூரம் போய்விட்டு, முட்டுச்சந்து வந்தபிறகு மிச்சக் கட்டங்களை முழுதாக நிரப்புங்கள். நான் இப்படித்தான் செய்கிறேன்.

மூன்று நட்சத்திரம் வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. என்ன விட்டுப்போகிறது?

பெரும்பாலும் ஜோடிகள். அதோடு "பாயிண்டிங்".

பாயிண்டிங் எளிது. ஒரு பெட்டியில் 4 எங்கே வரும் என்று உறுதியாகத் தெரியவில்லை, ஆனால் வரக்கூடிய இடம் எல்லாம் 2ஆம் வரிசையிலேயே இருக்கின்றன. எதில் வந்தாலும் 2ஆம் வரிசையின் 4 இந்தப் பெட்டிக்குள்தான். ஆகவே பெட்டிக்கு வெளியே, 2ஆம் வரிசையின் மற்ற கட்டங்களில் 4-ஐ அடித்துவிடலாம். இதில் எந்தக் கட்டமும் நிரம்பாது, அழிப்பு மட்டும்தான் நடக்கும். இரண்டு நட்சத்திரம் வரை "எதை எழுதலாம்" என்று தேடிப் பழகியவர்கள் இங்கே வரும்போது, "எதை அடிக்கலாம்" என்று தேடப் பழக வேண்டும். இந்த மாற்றம் நடக்காததால்தான் நிறையப் பேர் நடுவழியில் நிற்கிறார்கள்.

ஜோடிக்கு நம் ஊர் பஸ்ஸே உதாரணம். இரண்டு சீட்டில் இரண்டு பேர் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுவிட்டார்கள். யார் ஜன்னலோரம், யார் உள்பக்கம் என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனாலும் மூன்றாவது ஆள் அங்கே உட்கார முடியாது. அந்த இருவரும் வேறு சீட்டுக்குப் போகவும் மாட்டார்கள். ஒரு வரிசையில் இரண்டு கட்டங்களில் 2, 9 மட்டுமே பென்சில் எண்களாக இருந்தால், அந்த வரிசையின் மற்ற எந்தக் கட்டத்திலும் 2-ம் 9-ம் வராது. இது நேக்கட் பேர். ஹிடன் பேர் என்பது துண்டு போட்டது கூட்டத்தில் தெரியாமல் போவது. ஒரு பெட்டியில் 2-ம் 9-ம் போகக்கூடிய இடங்கள் அதே இரண்டு கட்டங்கள் மட்டுமே, ஆனால் அவற்றில் 1, 5, 6 என்று கூட்டமும் நிற்கிறது. கூட்டத்தை இறக்கிவிடலாம்.

மூன்று பேர் துண்டு போட்டால்?

அதே நியாயம்தான், டிரிபிள். ஒரு தவறு மட்டும் எல்லாரும் செய்வது: மூன்று கட்டத்திலும் மூன்று எண்ணும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது. வேண்டியதில்லை. 1-4, 4-7, 1-7 என்று இரண்டிரண்டாக இருந்தாலும் அது டிரிபிள்தான். மூன்று கட்டங்களுக்குள் மொத்தம் மூன்றே எண்கள், அதுதான் நிபந்தனை. நான்கு எண் கூட்டணியும் உண்டு, வாழ்நாளில் அதைத் தேடி உட்கார்ந்து பயன்பட்டது எனக்கு மிகக் குறைவு.

எக்ஸ்-விங் என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

பெயர்தான் பயங்கரம். ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். 6 என்று வைப்போம். 2ஆம் வரிசையில் 6 வரக்கூடிய இடங்கள் 3ஆம் நிரலும் 8ஆம் நிரலும் மட்டும். 7ஆம் வரிசையிலும் அதே 3, 8. நான்கு மூலைகளும் சேர்ந்து ஒரு செவ்வகம். மேல் வரிசையில் இடது மூலையில் 6 வந்தால் கீழே வலது மூலையில் வரும்; மேலே வலது என்றால் கீழே இடது. எப்படி வந்தாலும் 3ஆம் நிரலுக்கு ஒரு 6, 8ஆம் நிரலுக்கு ஒரு 6 இந்த மூலைகளிலேயே கிடைத்துவிட்டது. அந்த இரண்டு நிரல்களிலும் வேறு எங்கும் எழுதிவைத்த 6-களை அடியுங்கள்.

இப்போது ஒரு மூலை நழுவிவிட்டது என்று வையுங்கள். 2ஆம் வரிசையில் 3, 8. 7ஆம் வரிசையில் 3, 9. இதற்கு ஸ்கைஸ்கிரேப்பர் என்று பெயர். 3ஆம் நிரலில் இரண்டு 6 வர முடியாது. ஆகவே மறுமுனைகளில், அதாவது 2ஆம் வரிசை 8ஆம் நிரலிலோ 7ஆம் வரிசை 9ஆம் நிரலிலோ, ஒன்றிலாவது 6 இருந்தே தீரும். இரண்டு முனைகளையும் ஒருசேரப் பார்க்கும் கட்டங்களில் 6 வராது. 1, 3ஆம் வரிசைகளின் 9ஆம் நிரல், 8, 9ஆம் வரிசைகளின் 8ஆம் நிரல் என்று நான்கு கட்டங்கள் சுத்தமாகின்றன. கச்சிதமான எக்ஸ்-விங்கைவிட இந்த நொண்டி வடிவம்தான் அதிகம் கிடைக்கும். ஆனால் புத்தகங்களில் இதற்குக் கடைசியில்தான் இடம்.

ஸ்வோர்ட்ஃபிஷ், ஜெல்லிஃபிஷ் எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டுமா?

எக்ஸ்-விங்கை மூன்று வரிசை, மூன்று நிரலுக்கு நீட்டினால் ஸ்வோர்ட்ஃபிஷ். நான்குக்கு நீட்டினால் ஜெல்லிஃபிஷ். மீன் பெயர்கள் கேட்க நன்றாக இருக்கும். வலை போட்டு உட்கார்ந்தால் சிக்குவது அபூர்வம். அந்த நேரத்துக்கு எக்ஸ்ஒய்-விங்கைப் பழகுங்கள் என்பேன்.

மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டே எண்கள். நடுவில் 3-5. அது பார்க்கும் ஒரு கட்டத்தில் 3-8, இன்னொன்றில் 5-8. இவை இரண்டும் சிறகுகள். நடுக்கட்டம் 3 ஆனால் முதல் சிறகு 8 ஆகும். 5 ஆனால் இரண்டாவது சிறகு 8 ஆகும். எப்படியும் ஏதோ ஒரு சிறகில் 8. இரண்டு சிறகுகளையும் பார்க்கும் எந்தக் கட்டத்திலும் 8 வராது. இரட்டை எண் கட்டங்கள் நிறைய இருக்கும் புதிரில் பத்து நிமிடம் தேடினால் ஒன்றாவது அகப்படும்.

"விடை ஒன்றுதான்" என்பதையே உத்தியாகப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்துகிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். இரண்டு வரிசை, இரண்டு நிரல், இரண்டு பெட்டிக்குள் அடங்கும் செவ்வகம் ஒன்று. நான்கு மூலையிலும் 1-7 மட்டுமே மிச்சம் என்றால் 1-ஐயும் 7-ஐயும் இடம் மாற்றிப் போட்டாலும் எந்த விதியும் உடையாது. அப்படியானால் புதிருக்கு இரண்டு விடை. நல்ல புதிருக்கு ஒரே விடைதான், ஆகவே மூன்று மூலைகளில் 1-7 மட்டும் இருந்து நான்காவதில் வேறு எண்ணும் இருந்தால், அந்த நான்காவது மூலை 1-ஓ 7-ஓ ஆக முடியவே முடியாது. அங்கே இருக்கும் வேறு எண்தான் சரி. இதை யுனிக் ரெக்டாங்கிள் என்பார்கள். 81-இல் 77 எண்களைக் கொடுத்தாலும் விடை இரண்டாகலாம் என்பதற்கும் இந்தச் செவ்வகமே சாட்சி.

"புதிரைத் தீர்க்காமல் புதிர் செய்தவரை நம்பித் தீர்ப்பது திருட்டு" என்பது ஒரு கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் புதிர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பேன். 2005-இல் இங்கிலாந்தின் சிப்பிங் சாட்பரி அருகே மலைச்சரிவில் 275 அடிக்குப் பிரம்மாண்டமாக ஒரு சுடோகு வெட்டினார்கள், ஸ்கை ஒன் தொலைக்காட்சியின் விளம்பரத்துக்காக. அதற்கு 1,905 சரியான விடைகள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அங்கே போய் யுனிக் ரெக்டாங்கிள் போட்டிருந்தால் என்ன ஆகும்!

ஊகித்துப் போட்டுப் பார்ப்பது தப்பா?

தப்பு இல்லை, ரசம் குறைவு. ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் போதும். கட்டத்தில் 2-5 இருக்கிறது. 2 போட்டு, நூல் பிடித்துப் போய், முரண்பாடு வந்ததும் அழித்து, 5 போடுவது ஊகம். அதே கட்டத்தில் "2 ஆனாலும் அந்த மூலைக் கட்டம் 9 ஆகிறது, 5 ஆனாலும் அதுவே 9 ஆகிறது" என்று இரண்டு பக்கமும் போய்ப் பார்த்து 9-ஐ எழுதினால் அது நிரூபணம். ஃபோர்சிங் செயின், அதாவது சங்கிலி உத்தி, என்று மரியாதையான பெயர்கூட உண்டு. தாளில் அழிக்க வேண்டிய எதையும் எழுதாத வரை எனக்கு இரண்டாவது சம்மதமே.

நட்சத்திரத்தை யார் போடுகிறார்கள்? எப்படி?

அநேகமாக ஒரு நிரலி. மனிதன் போலத் தீர்க்கச் சொல்லி அதை விடுவார்கள். அதன் கையில் எளிதிலிருந்து கடினம் வரை ஓர் உத்திப் பட்டியல் இருக்கும். முதல் உத்தி எங்காவது பலிக்கிறதா என்று பார்க்கும். பலித்தால் மறுபடி முதலிலிருந்து. பலிக்காவிட்டால் அடுத்த உத்தி. முடிந்ததும் எந்தெந்த உத்தி எத்தனை முறை தேவைப்பட்டது என்ற கணக்கு கையில் இருக்கும்.

அதற்குப் பிறகுதான் வழிகள் பிரிகின்றன. சுடோகு எக்ஸ்ப்ளெய்னர், பட்டதிலேயே கடினமான ஒரு படியின் மதிப்பெண்ணையே புதிரின் மதிப்பெண்ணாக வைக்கும். நேக்கட் பேர் 3.0, எக்ஸ்-விங் 3.2, ஹிடன் பேர் 3.4, ஸ்வோர்ட்ஃபிஷ் 3.8, எக்ஸ்ஒய்-விங் 4.2. ஒரே ஒரு எக்ஸ்ஒய்-விங் தேவைப்பட்ட புதிரும் ஏழு முறை தேவைப்பட்ட புதிரும் இதில் சமம். பெர்ன்ஹார்ட் ஹோபிகரின் "ஹோடோகு" நிரலியோ ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் போட்டு மொத்தத்தையும் கூட்டும். முதலாவது மலையின் உச்சி எத்தனை அடி என்று சொல்கிறது. இரண்டாவது, மொத்தம் எவ்வளவு ஏறி இறங்கினோம் என்று சொல்கிறது.

ஒரே புதிரை ஒரு செயலி "மீடியம்" என்கிறது, இன்னொன்று "எக்ஸ்ட்ரீம்" என்கிறது. எதை நம்புவது?

இரண்டும் தங்கள் பட்டியல்படி உண்மையே சொல்கின்றன. ஒரு நிரலியின் பட்டியலில் ஸ்கைஸ்கிரேப்பர் இல்லை என்று வையுங்கள். அந்தப் படி வந்ததும் அதற்குக் கைவசம் எதுவும் இருக்காது. நேராகச் சங்கிலி உத்திக்குத் தாவி, புதிருக்கு "எக்ஸ்ட்ரீம்" முத்திரை குத்திவிடும். ஸ்கைஸ்கிரேப்பர் தெரிந்த நீங்கள் அதே இடத்தை அரை நிமிடத்தில் கடந்திருப்பீர்கள். எந்த மதிப்பெண் வரை எந்தப் பெயர் என்று கோடு கிழிப்பதும் பதிப்பகத்தின் விருப்பம். லண்டன் டைம்ஸில் "ஃபீண்டிஷ்" என்பதற்கும் ஒரு செயலியின் "எக்ஸ்பர்ட்" என்பதற்கும் உறவே கிடையாது. ஆகவே ஒரே இடத்துப் புதிர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். இடம் விட்டு இடம் ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள்.

எந்த நட்சத்திரமும் எளிதில் அளக்காத இன்னொன்று இருக்கிறது. ஒரு சமயத்தில் எத்தனை வாசல் திறந்திருக்கிறது என்பது. ஒரு புதிரில் எந்த நேரமும் ஏழெட்டு இடங்களில் ஏதாவது எழுதலாம். நாலைக் கவனிக்காவிட்டாலும் ஐந்தாவது கிடைக்கும். இன்னொன்றில் ஒரே ஓர் இடம்தான் திறந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்கும்வரை மொத்தமும் பூட்டு. இரண்டுமே ஹிடன் சிங்கிளில் முடிபவையாக இருக்கலாம், நிரலி இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடும். ஆனால் முதலாவது பத்து நிமிடம், இரண்டாவது முக்கால் மணி நேரம். செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழகத்தின் ராடெக் பெலானெக், மனிதர்கள் உண்மையில் எடுத்துக்கொண்ட நேரத்தோடு பல அளவுகோல்களை ஒப்பிட்டுப் பார்த்தவர். உத்தியின் கடினத்தோடு, படிகள் ஒன்றையொன்று எவ்வளவு நம்பி நிற்கின்றன என்பதையும் சேர்த்தால்தான் நேரத்தை நன்றாகக் கணிக்க முடிகிறது என்று காட்டினார். நட்சத்திரத்தைத் திட்டிய நாளெல்லாம் எனக்கு இந்த ஒற்றை வாசல்தான் காரணமாக இருந்திருக்கிறது.

உலகிலேயே கடினமான சுடோகு எது?

செய்தித்தாள்களைக் கேட்டால் ஆர்டோ இன்கலாவின் புதிர்களைக் காட்டும். 2006-இல் வந்த "ஏஐ எஸ்கார்கோ" அவற்றில் புகழ்பெற்றது. அதிலுள்ள ஏஐ அவர் பெயரின் முதலெழுத்துகள்தான், செயற்கை நுண்ணறிவு இல்லை. எஸ்கார்கோ என்றால் பிரெஞ்சில் நத்தை. சுடோகு எக்ஸ்ப்ளெய்னரில் அதன் மதிப்பெண் 10-ஐத் தாண்டும். ஆனால் ஆர்வலர்கள் வேட்டையாடிச் சேர்த்த பட்டியல்களில் இதைவிடக் கடினமானவை உண்டு, "கோல்டன் நகட்" என்ற புதிர் 11.9 தொடுகிறது. இந்த உயரத்தில் எக்ஸ்-விங் எல்லாம் எடுபடாது. சங்கிலிக்குள் சங்கிலி போட்டு, ஒரே ஓர் எண்ணை அடிக்க ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காப்பியோடு போடுகிற சரக்கு இல்லை.

கணினிக்கு இதெல்லாம் கஷ்டமா?

இல்லை. அது உத்தி தேடுவதில்லை. 81 கட்டம், கட்டத்துக்கு 9 எண் என்று 729 தேர்வுகள். நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள் 324. கணினி அறிவியலாளர் டொனால்டு குனூத் "டான்சிங் லிங்க்ஸ்" என்று பெயரிட்டுப் பிரபலமாக்கிய முறையில், போட்டுப் பார்த்துப் பின்வாங்கி, நாம் கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். எஸ்கார்கோவும் ஒரு நட்சத்திரமும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

வேகமாகப் போட என்ன வழி? போட்டியெல்லாம் நடக்கிறதா?

நடக்கிறது. உலக சுடோகு சாம்பியன்ஷிப் 2006-இல் இத்தாலியின் லுக்காவில் தொடங்கியது. முதல் பட்டம் செக் நாட்டு யானா டிலோவாவுக்கு. இந்தியாவில் இரண்டு முறை நடந்திருக்கிறது, 2008-இல் கோவாவிலும் 2017-இல் பெங்களூருவிலும்.

வேகத்துக்கு எனக்குப் பலித்தது ஒரு பழக்கம்தான். 1-இலிருந்து 9 வரை வரிசையாகத் தேடாமல், எந்த எண் அதிக முறை கொடுக்கப்பட்டிருக்கிறதோ அதிலிருந்து தொடங்குவது. ஓர் எண்ணை எழுதியதும் அதே எண்ணை மற்ற பெட்டிகளில் உடனே தேடிவிட்டு, பிறகு அந்தப் பெட்டியின் மிச்சத்தைப் பார்ப்பது. முதல் சுற்றில் பத்து எண்ணுக்கு மேல் விழுந்தால் அது எளிய புதிர், யார் எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தாலும் சரி. இரண்டுக்கு மேல் விழவில்லையா, அடுத்த ஸ்டேஷனில் இறங்குவதற்குள் முடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

கடைசி நாலு கட்டத்தில் ஒரே எண் இரண்டு முறை வந்து நிற்கிறது. எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பேனாவில் போட்டிருந்தால் கண்டுபிடிக்க முடியாது. தப்பு நடந்தது இருபது முப்பது எண்ணுக்கு முன்னால். அதன்மேல் கட்டிய எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை, எது எதை நம்பி எழுதப்பட்டது என்று தாளில் இருக்காது. நாலு கட்டத்தை மட்டும் மாற்றிச் சரிசெய்யப் பார்க்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கொடுத்த எண்களை மட்டும் வேறு தாளில் எழுதிக்கொண்டு மறுபடி போடுங்கள். இரண்டாம் முறை பாதி நேரம்கூட ஆகாது. எழுதும்போது ஒரு தடவை சரிபாருங்கள், என் தவறுகளில் பாதி, பேப்பரில் இருந்த 6-ஐ 8 என்று படித்ததில்தான் தொடங்கியிருக்கிறது.